மென்பொருள் காப்புரிமம்: ஒரு மதிப்பீடு

கண்டுபிடிப்பாளர் தம் கண்டுபிடிப்பின் செயல்முறையை வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, பிறர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையை 20 ஆண்டுகளுக்கு அரசு அவருக்கு வழங்கும். இதுவே காப்புரிமம். இந்த ஏற்பாடு மென்பொருளுக்குப் பொருந்துமா என்பது நீண்டகால விவாதம்.

காரைக்குடியில் இருவகை உரிமைகள்

அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தாலும் 15 இலட்சம் ரூபாயாலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. மின்கலம், அரிமானத் தடுப்பு போன்ற துறைகளில் அது காப்புரிமங்கள் பெற்றுவருகிறது. இத்தகைய ஆய்வுக்குக் கருவிகளும் பல ஆண்டுச் சோதனையும் பெருஞ்செலவும் தேவை. ஆகவே, குறிப்பிட்ட காலத் தனியுரிமைக்கு அங்கே நியாயம் உண்டு.

அதே ஊரின் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை தனியொருவருக்கு உரியதன்று. அது நெசவாளர் சமூகத்தின் கூட்டுரிமை.

மென்பொருளின் தன்மை

ஒரு நிரலில் பிறர் உருவாக்கிய நூற்றுக்கணக்கான சிறு உத்திகள் அடங்கியிருக்கும். அவற்றுள் ஒன்றுக்குக் காப்புரிமம் இருந்தாலும், எவரையும் பார்த்து எழுதாமல் தாமே சிந்தித்து எழுதிய நிரலாளரும் மீறியவர் ஆகிவிடுவார். பதிப்புரிமையில் இச்சிக்கல் இல்லை. அது எழுதப்பட்ட நிரலை மட்டுமே காக்கிறது, கருத்தை அன்று. மேலும், காப்புரிம ஆவணத்தில் மூல நிரலை வெளியிடும் கட்டாயம் இல்லை. எனவே சமூகத்துக்குக் கிடைக்க வேண்டிய ஈடு குறைகிறது.

தமிழ்க் கணிமை இதற்கு நல்ல சான்று. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை எவரும் பயன்படுத்தக்கூடிய தரப்பாடாக அமைந்தது. இலவசமான எ-கலப்பையும் வணிக மென்பொருளான முரசு அஞ்சலும் அதைத் தந்தன. பொது அடித்தளம் வணிகத்தை முடக்கவில்லை. போட்டி தரத்திலும் சேவையிலும் நடந்தது.

இந்தியச் சட்டம்

காப்புரிமச் சட்டத்தின் 3(k) பிரிவு, கணினி நிரலைத் 'தன்னளவில்' கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இத்தடையைத் தளர்த்தியது. 2005இல் நாடாளுமன்றம் அத்தளர்வைக் கைவிட்டது. ஆனால் 'தன்னளவில்' என்ற சொல்லின் எல்லை தெளிவாகவில்லை. புதிய வன்பொருளும் இருக்க வேண்டும் என 2016இல் காப்புரிம அலுவலக வழிகாட்டுதல் கூறியது. 2017இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்கப் பெருநிறுவனங்களிடம் வழக்கறிஞர்கள் உண்டு. சிறு நகரத்தில் இருவர் நடத்தும் மென்பொருள் நிறுவனத்திடம் இல்லை.

மதிப்பீடு

திறந்த கூட்டுழைப்பிலும் குறை உண்டு. தன்னார்வலரின் ஓய்வுநேரத்தை நம்பிய திட்டங்கள் அவர் விலகியதும் தேங்கிவிடும். அதற்குத் தீர்வு நிதியும் பராமரிப்பும். காப்புரிமம் அக்குறையைப் போக்காது. மின்வேதியியலுக்கு ஏற்ற வேலியை மென்பொருளுக்கும் இட்டால், முதலில் வெளியே நிற்பவர் புதிதாக எழுத வரும் நிரலாளரே.