ஐயமும் தெளிவும்: பிரசார ஆராய்ச்சிக் கழகங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

விற்பவன் தன் பெயரைச் சொல்லித் தன் சரக்கைப் புகழ்வானாயின், அப்புகழ்ச்சியை எவ்வளவுக்கு ஏற்கலாம் என்பதைக் கேட்போன் எளிதிற் கணித்துக்கொள்வான். அதே புகழ்ச்சி வைத்தியர் வாயிலிருந்தோ செய்தியாளர் வாயிலிருந்தோ வருவதுபோல அமைக்கப்படும்போது அக்கணிப்புத் தவறுகின்றது. இவ்வாறு சொல்லுக்குரியோனை மறைத்துச் சொல்லைப் பரப்புதல் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பெருந்தொழிலாக வளர்ந்தது. அதனை வெளிப்படுத்தி மக்களுக்கு அறிவூட்ட முயன்ற இலாபநோக்கற்ற கழகங்களும் அந்நாட்டிலே தோன்றின. அவற்றுள் இரண்டினை எடுத்து, அவை சாதித்தது யாது, குறைவிட்டது யாது என ஈண்டு ஆராய்வாம்.

முதலில் அத்தொழிலின் இயல்பை ஓர் உதாரணத்தாற் காண்போம். 1928இல் ‘பிரசாரம்’ என்ற பெயராலேயே நூலொன்று வெளியிட்டவர் எட்வேட் பேர்ணேய்ஸ். அவர் 1929ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, நியூயோர்க் நகரின் பெருவீதியிலே பெண்கள் சிலர் சிகரெட் புகைத்து நடந்துசெல்ல ஏற்பாடு செய்தார். பத்திரிகைகள் அதனைப் பெண்ணுரிமைச் செய்தியாகவே வெளியிட்டன. பின்னணியில் நின்று பணம் கொடுத்தது ஒரு புகையிலைக் கம்பனி என்பதை வாசகர் அறிந்திலர்.

1937இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்டது பிரசாரப் பகுப்பாய்வுக் கழகம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர் அதனை முன்னின்று தொடக்கினார். பொஸ்ரன் வணிகர் எட்வேட் பைலீன் பொருளுதவி புரிந்தார். வசைப்பெயர் சூட்டல், பொருள் தெளிவில்லாத நன்மொழி பகர்தல், பிறிதொன்றன் மதிப்பைத் தன்மேல் ஏற்றல், புகழ்பெற்றோர் சான்று காட்டல், எளியாருள் எளியார்போலத் தோன்றல், சாதகமானவற்றை மாத்திரம் தொகுத்துக் கூறல், எல்லாரும் செல்லும் வழியே செல்லத் தூண்டல் எனப் பிரசார உத்திகளை அக்கழகம் ஏழாக வகுத்தது. 1939இல் வெளிவந்த அதன் நூல், வானொலிப் பேச்சாற் பெருங்கூட்டத்தை ஈர்த்த கோக்லின் பாதிரியாரின் உரைகளை இவ்வுத்திகள் கொண்டு பகுத்துக் காட்டிற்று.

வகுப்பறைக்கு இது நல்ல கருவியே. ஆயினும் இதில் ஒரு பெருங்குறை உண்டு. மேற்கூறிய உத்திகள் பொய்க்கு மாத்திரம் உரியன அல்ல. தடுப்பூசி போடுக என வைத்தியர் சொல்வதும் ஒரு சான்று காட்டலே. அதனால் அது பொய்யாகிவிடாது. உத்தியின் பெயரை அறிந்த மாணவன் கூற்றின் உண்மையையும் அறிந்துவிட்டதாக மயங்குதல் கூடும். அமெரிக்கா போரிற் புகுந்தபின், 1942இல் அக்கழகம் தன் பணியை நிறுத்திக்கொண்டது.

1993இல் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில், ஜோன் ஸ்ரோபர் என்பவர் ஊடகத்துக்கும் சனநாயகத்துக்குமான நிலையத்தை நிறுவினார். இது சொல்லின் வடிவை விடுத்து, அதன் பிறப்பிடத்தைத் தேடிற்று. 2006இல் அது வெளியிட்ட ஆய்வு இங்கே சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கம்பனிகளின் பணத்தில், செய்திபோலவே படமும் குரலும் சேர்த்து ஆக்கப்பட்ட ஒளிப்பதிவுகள் தொலைக்காட்சி நிலையங்களுக்கு இலவசமாக அனுப்பப்பட்டு வந்தன. அத்தகைய 36 பதிவுகளை நிலையத்தார் பத்து மாதம் பின்தொடர்ந்தனர். 77 தொலைக்காட்சி நிலையங்கள் அவ்வாறு பிறர் ஆக்கித் தந்தவற்றைத் தம் செய்தியாகவே காட்டியமை வெளிப்பட்டது. இங்கே வெறும் ஐயத்துக்கு இடமில்லை. யார் ஆக்கினார், யார் பணம் கொடுத்தார், எங்கே காட்டப்பட்டது என்பன யாவும் சான்றுடன் நிறுவப்பட்டன.

நம் தருக்க நூலார் உரையளவையை ஏற்றனர். ஆயின் அவ்வுரை ஆப்தனுடையதாதல் வேண்டும் என வரையறுத்தனர். பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே உரைப்பவனே ஆப்தன். உரைப்போன் யார் என்பதை மறைத்துவிட்டால் இச்சோதனைக்கே வழியில்லை. ஆதலாற் பிறப்பிடத்தைக் காட்டும் முறை, உத்திகளுக்குப் பெயரிடும் முறையினும் மேம்பட்டது என்பது எம் துணிபு.

ஆயினும் அதுவும் முடிந்த முடிபன்று. மடிசன் நிலையம் அரசியலில் முற்போக்குப் பக்கம் சார்ந்தது எனக் குறை கூறுவோர் உளர். சார்பு இருத்தலால் மாத்திரம் ஒரு சான்று பொய்யாகாது. எனினும் பிறருக்குப் பிடித்த விளக்கைக் கழகம் தன்மேலும் பிடித்தல் கடன்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 1954 சனவரியில் அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள், பொதுசனத் தொடர்பு நிறுவனமொன்றின் ஆலோசனையுடன், நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஓர் அறிக்கை வெளியிட்டன. புகைத்தலாற் புற்றுநோய் வரும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை என்றும், தாம் ஆராய்ச்சிக்கு உதவுவோம் என்றும் அது கூறிற்று. மக்களை ஒன்றை நம்பச் செய்தல் அவற்றின் நோக்கமன்று. விஞ்ஞானியரின் முடிபை ஐயுறச் செய்தலே போதுமாயிற்று. அவ்வையம் பல்லாண்டு நிலைத்தது. அதற்கிடையே இறந்தோர் பலர்.

எனவே, எதையும் நம்பாதே என மாணவனுக்குப் போதிக்கும் ஆசிரியர், தாம் அறியாமலே பிரசாரகனுக்குத் துணையாகிறார். எல்லாவற்றையும் ஐயுறுவோனும் எல்லாவற்றையும் நம்புவோனும் ஆராயாமையில் ஒருவரே. ஐயம் ஆராய்ச்சிக்கு வாயில். வாயிலிலே நின்றுவிடுவோன் வீட்டினுட் புகுந்தவனாகான். செய்தி ஒன்றைக் கண்டவிடத்து, சொன்னவன் யார், அவன் எவ்வாறு அறிந்தான், அதனால் அவனுக்கு வரும் பயன் யாது, வேறு சான்று உண்டோ என வினவி, விடை கண்டபின் ஒரு முடிபுக்கு வரத் துணிதலே கல்வியின் பயன். கழகங்கள் விளக்கேற்றித் தரலாம். கண்டு தெளிதல் கற்போன் கடனேயாம்.