பால் மறுத்த பாலகன்

துருக்கியர் தம் குலமுதல்வனாகப் போற்றும் ஒகூஸ்கானின் கதை இரு முக்கிய வடிவங்களில் நமக்குக் கிடைக்கின்றது. உய்கூர் எழுத்தில் அமைந்த கையெழுத்துப்படி பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. 1932இல் பெர்லினில் பதிப்பிக்கப் பெற்றது. மற்றது, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈரானை ஆண்ட மங்கோலியரின் அமைச்சர் ரஷீதுத்தீன் பார்ஸியில் தொகுத்த ‘ஜாமிஉத் தவாரீக்’கில் இடம்பெறுவது. பின்னதை வெறும் இஸ்லாமியச் சாயப்பூச்சென்று தள்ளிவிடுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை.

பாலருந்தும் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். உய்கூர்ப் படியில் குழந்தை ஒரே முறை தாய்ப்பால் அருந்துகிறது. பிறகு பச்சை இறைச்சியும் மதுவும் கேட்கிறது. எருதின் கால், ஓநாயின் இடை, கரடியின் மார்பு என வருணனை முழுவதிலும் காட்டின் வாடை வீசுகிறது. பின்னாளில் அவன் படைக்கு வழிகாட்டுவதும் ஓர் ஓநாய்தான்! ரஷீதுத்தீனிடமோ குழந்தை மூன்று நாள் பாலைத் தொடவில்லை. இரவுதோறும் தாயின் கனவில் தோன்றி, ஏக இறைவனை ஏற்றாலன்றி அருந்தேன் என்கிறது. கணவனுக்கு அஞ்சிய தாய் மறைவாக ஈமான் கொள்கிறாள். அதன் பிறகே பிள்ளை வாய் வைக்கிறது. வீரனின் மூர்க்கப் பசியைக் காட்டிய நிகழ்ச்சி, தாயின் ஈடேற்றத்துக்கு வாயிலாகிவிட்டது. கதையின் உயிர்நாடி அறிந்தவனுக்கே இது கைகூடும்.

அதே கை தந்தையிடம் வரும்போது தடுமாறுகிறது. உய்கூர்ப் படியில் தந்தை என்றொரு பாத்திரம் கதைக்குள் இயங்குவதே இல்லை. பார்ஸிக் கதையில், மகன் முன்னோர் நெறியைக் கைவிட்டான் எனக் கேட்ட கராகான் அவனைக் கொல்லப் படை திரட்டுகிறான். மூண்ட போரில் தானே மடிகிறான். கி.மு. 209இல் தந்தையைக் கொன்று அரசேறியதாகச் சீன வரலாறு கூறும் சியோங்னு வேந்தன் மோதூனின் நினைவே இது என்பர் ஆய்வாளர் சிலர். எங்கிருந்து வந்ததாயினும், அதனை ஈமானின் வெற்றியாக்குவது நம் நெஞ்சில் ஒட்டவில்லை. கல்லெறிந்து கொல்வேனென மிரட்டிய தந்தைக்கு ஸலாம் உரைத்து, அவருக்காகப் பிழைபொறுக்க வேண்டுவதாகவும் சொல்லி விலகிய இப்ராஹீம் நபி (அலை) அவர்களையன்றோ குர்ஆன் காட்டுகிறது? தற்காப்பு என வாதிடலாம், வாதம் செல்லும். ஆயினும் தாய்க்கு மூன்று இரவுகள் கனவில் தூது சென்ற பிள்ளைக்குத் தந்தையிடம் செல்ல ஓர் இரவு கிட்டாமற்போனது ஏன்?

1660ஐ ஒட்டிக் கீவாவின் ஆட்சியாளர் அபுல் காஸி தம் துர்க்மேன் வம்சாவளியில் இக்கதையை மீண்டும் எழுதினார். பால் மறுப்பும் தந்தையின் சாவும் அங்கும் அடுத்தடுத்தே நிற்கின்றன.