பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் நிகழாத வரலாறு: சோழர் அரியணை உரிமையும் படைத்தலைவர் பங்கும்

முன்னுரை

நிகழ்ந்தவற்றுள் ஒன்றை மாற்றி வைத்து, அதன்பின் என்ன நேர்ந்திருக்கும் எனக் காண முயல்வது மாற்று வரலாறு. பிற்கால உரோமப் பேரரசின் படைத்தலைவர்கள் இதற்கு ஏற்ற பொருளாவர். கி.பி. 395இல் பேரரசன் தியோடோசியசு இறந்தபோது, மேற்குப் பகுதிக்கு அரசனான அவன் மகன் ஒனோரியசு பத்து வயதுச் சிறுவன். ஆட்சி காப்பாளனாகிய படைத்தலைவன் இசுடிலிக்கோவின் கையில் இருந்தது. தன் மகனை அரியணையேற்ற முயன்றான் என்ற பழி சுமத்தப்பட்டு 408இல் அவன் கொல்லப்பட்டான். 410இல் உரோம் நகரம் சூறையாடப்பட்டது. அவன் உயிருடன் இருந்திருந்தால் என்னும் வினா அந்த இரண்டாண்டு இடைவெளியில் பிறக்கிறது.

தமிழ்ச் சூழலில் இத்தகைய வினாக்கள் பெரும்பாலும் வரலாற்று நாவலுக்கு உரியனவாகவே கருதப்படுகின்றன. ‘பொன்னியின் செல்வன்’ அதற்குப் பலரும் அறிந்த சான்று. ஆனால் நிகழாத வழி ஒன்றின் தடம் கல்வெட்டுக்குள்ளேயே பதிந்திருப்பதும் உண்டு. மயிலாடுதுறைப் பகுதியைச் சேர்ந்த பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டை அந்நோக்கில் வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

கல்வெட்டு கூறுவது

இது இரண்டாம் இராசாதிராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக்குரியது. அவனுடைய ஆட்சித் தொடக்கத்தை 1163 எனவும் 1166 எனவும் அறிஞர் இருவகையாகக் கணிப்பர். கல்வெட்டின் நாயகர் தொண்டைமண்டலத்தவரான திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர். இரண்டாம் இராசராசன் இறந்தபோது அவன் மக்கள் ஒன்றும் இரண்டும் வயதுடைய குழந்தைகள். பல்லவராயர் அரச குடும்பத்தை ஆயிரத்தளியிலிருந்து இராசராசபுரத்துக்குக் கொண்டுசென்று காத்தார். விக்கிரம சோழனின் பேரனும் நெறியுடைப் பெருமாளின் மகனுமாகிய எதிரிலிப் பெருமாள் இராசாதிராசன் என்னும் பெயரில் முடிசூட்டப்பட்டான். இதற்கு உடன்கூட்டத்தாரும் நாட்டாரும் இசைந்தனர் என்றும் கல்வெட்டு சொல்கிறது.

பதிவின் நோக்கமோ வேறு. நோயுற்று இறந்த பல்லவராயரின் உறவினர்க்கு இறையிலி நிலம் வழங்கப்பட்டதையே அது ஆவணப்படுத்துகிறது.

விடையிலிருந்து வினாவுக்கு

நிலக்கொடை ஆவணத்தில் கொடை பெறுவோரின் தகுதியைச் சொல்வது இயல்பு. பல்லவராயரின் போர்த்தொண்டு மட்டுமே அதற்குப் போதுமானது. குழந்தைகளின் வயது, அவர்கள் இடம் மாற்றப்பட்டது, புதிய அரசனின் தாத்தா யார், யார் யார் இசைந்தனர் என்னும் நான்கு செய்திகளும் கொடைக்குத் தேவையற்றவை. ‘இராசராசனின் மக்கள் இருக்க இவன் ஏன் அரசன்?’ என்று எவரேனும் கேட்டால் மட்டுமே அவை தேவைப்படும். முடிசூட்டிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்விடையைக் கல்லில் எழுத நேர்ந்ததெனில், வினா அடங்கிவிடவில்லை எனக் கருத இடமுண்டு.

குழந்தையை அரசனாக்கிப் படைத்தலைவரே காப்பாளராக ஆள்வது அன்று இருந்த மற்றொரு வழி. இசுடிலிக்கோவின் நிலை அதுவே. பல்லவராயர் தரப்பு அவ்வழியில் செல்லவில்லை. கிளைவழியினன் ஒருவனை, அவையின் இசைவோடு, அரசனாக்கியது. எதிரிலிப் பெருமாளைத் தெரிந்தெடுத்தவன் இறந்த மன்னனே என்பர். அவ்வாறாயினும் அதை நிறைவேற்றிய ஆற்றல் படைத்தலைவருடையது. வளர்ந்த அரசன் ஒருவனை முன்னிறுத்தியதால், தன் அதிகாரத்தைத் தானே வரையறுத்துக் கொண்டவராக அவர் தோன்றுகிறார். இசுடிலிக்கோவின் மீது விழுந்த பழி இவர்மீது எழ வாய்ப்புக் குறைவு.

இவ்வாசிப்புக்கு எல்லை உண்டு. கலகம் நடந்தது என்றோ குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்றோ இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. 1178இல் ஆட்சியேற்ற மூன்றாம் குலோத்துங்கன் அக்குழந்தைகளுள் ஒருவன் என்னும் கருத்தும் உண்டு. அவன் பிறப்பு இன்றும் விவாதத்துக்குரியதே.

மதுரையில் சோதனை

சோழ அவை உரிமையை எவ்வாறு கையாண்டது என்பதற்கு அதே காலத்துப் பாண்டியர் போர் நல்ல சோதனை. பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மதுரைக்காகப் பொருதனர். முன்னவன் இலங்கை வேந்தன் பராக்கிரமபாகுவின் உதவியை நாடினான். உதவி வந்து சேர்வதற்குள் கொல்லப்பட்டான். இலங்கைப் படைத்தலைவன் இலங்காபுரன் அவன் மகன் வீரபாண்டியனை அரியணையேற்றினான். சோழர் குலசேகரன் பக்கம் நின்றனர். பல்லவராயர் இலங்காபுரனைக் கொன்று, அவன் தலையை மதுரைக் கோட்டை வாயிலில் அறைவித்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறுகிறது. சூளவம்சமோ இலங்காபுரனின் வெற்றிகளைச் சொல்லி, அவன் இறப்பைச் சொல்லாமலே முடிகிறது.

பல்லவராயருக்குப் பின் அண்ணன் பல்லவராயர் பொறுப்பேற்றார். 12ஆம் ஆட்சியாண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டின்படி, குலசேகரன் இலங்கையோடு கைகோத்ததும், முன்பு எதிர்த்த அதே வீரபாண்டியனைச் சோழர் மதுரைக்கு அரசனாக்கினர். பிறப்புரிமை மாறவில்லை, சோழரின் தேவை மாறியது. சொந்த அரியணை குறித்து இரத்த உறவை நிரல்படச் சொன்ன அவை, மதுரையில் அதைப் பொருட்படுத்தவில்லை. எனவே பல்லவராயன்பேட்டையின் வம்சவழி விளக்கத்தை முடிவுக்குக் காரணமாக அன்றி, முடிவுக்குப் பின் அமைந்த நியாயமாகவே கொள்வது பொருந்தும்.

ஒற்றியூரில் அரசன்

மணலியை அடுத்த திருவொற்றியூர்க் கோயிலில் இதே அரசனின் 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. பங்குனி உத்திரத் திருநாளில் சதுரானன பண்டிதர் முதலியோருடன் அமர்ந்து, அரசன் ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் கேட்டதை அது பதிவு செய்கிறது. படைத்தலைவரின் தொண்டைப் போற்றிய ஆவணத்துக்கு அடுத்த ஆண்டு இது. முன்னதில் அரசன் பிறரால் அமர்த்தப்பட்டவன். இதில் அடியார் அவையில் தானே வீற்றிருப்பவன். கிளைவழி வந்த அரசன் ஒருவனுக்குச் சைவ மடங்களின் ஏற்பு எத்துணைப் பயன்பட்டது என்பதைத் தொண்டைமண்டலக் கோயில் கல்வெட்டுகளைக் கொண்டு தனியே ஆராயலாம்.

முடிவுரை

‘வேறாக நடந்திருந்தால்’ என்ற வினாவின் பயன் கற்பனையான ஒரு சோழ வரலாற்றை எழுதுவதில் இல்லை. நடந்ததொன்றே நடக்கக்கூடியதாக இருந்தது என்னும் தோற்றத்தை அது கலைக்கிறது. கல்வெட்டு எதைச் சொல்கிறது என்பதோடு, யார் கேட்டதற்கு விடையாக அதைச் சொல்கிறது என்றும் வினவுவோமாயின், பெயர்கூடப் பதிவாகாத இரு குழந்தைகளும் சோழர் வரலாற்றில் இடம்பெறுவர்.