ஆறில் நால்வர் போதும்

1998-இல் பயோவேர் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட்' ஆட்டத்தில் குழுவுக்கு ஆறு இடங்கள். வழிநெடுகத் துணைக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பதால், பெரும்பாலோர் ஆறையும் நிரப்பிவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

எதிரியைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் குழுவில் இருப்பவர்களுக்குச் சமமாகப் பங்கிடப்படும். பார்வையாலேயே ஆளைக் கல்லாக்கும் பாசிலிஸ்க் வகையில் பெரியது ஒன்றை வீழ்த்தினால் 7000 புள்ளி. பூஜ்யத்தில் இருக்கும் ஆறு பேர் அதைப் பிரித்தால் தலைக்கு 1166. இரண்டாம் லெவலுக்கு தீஃபுக்கே (திருடர்) 1250 வேண்டும், ஃபைட்டருக்கு (போர்வீரர்) 2000, மேஜுக்கு (மந்திரவாதி) 2500. அத்தனை பெரிய மிருகத்தைச் சாய்த்தும் ஒருவர்கூட ஒரு படி ஏறவில்லை! நால்வராக இருந்தால் தலைக்கு 1750, தீஃப் ஏறிவிடுவார். மூவர் என்றால் 2333, ஃபைட்டரும் ஏறிவிடுவார். தனியாளுக்கு 7000 முழுதும் கிடைக்கும். அவர் ஃபைட்டரானால் நேரே மூன்றாம் லெவல்.

கல்லாகாமல் காக்கும் மந்திரம் முதல் நிலையிலேயே மேஜுக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒருமுறை சொன்னால் ஒருவருக்குத்தான் காப்பு. ஆறு பேருக்கும் போடுமளவு மந்திரம் தொடக்கத்தில் எந்த மேஜிடமும் இருக்காது. ஒருவருக்குப் போட்டு முன்னே அனுப்பிவிட்டு, மற்ற ஐந்து பேரைத் தூரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். ஒதுங்கி நின்றவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் இதில் உறுத்தல்.

சிறு குழுவின் உண்மையான லாபம் இதைவிட ஆழமானது. துணைக்கு வருபவர்களில் ஜாஹீரா ஃபைட்டரும் ட்ரூயிடும் (இயற்கைப் பூசாரி) சேர்ந்தவள். தனக்கு வரும் புள்ளியை இரண்டு தொழிலுக்கும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியவள். ஆறு பேர் குழுவில் ஒவ்வொரு தொழிலுக்கும் போய்ச் சேர்வது மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதனால்தான் அவள் எப்போதும் பின்தங்கியே தெரிகிறாள். நால்வர் குழுவில் அது எட்டில் ஒன்று. மூவர் குழுவில் ஆறில் ஒன்று, அதாவது பெரிய குழுவில் ஒரே தொழில் பார்ப்பவருக்குக் கிடைக்கும் அதே பங்கு. இப்படி இரட்டைத் தொழில் பார்ப்பவர்களாக இருந்தால் மூன்று பேர் ஆறு வேலை பார்க்கலாம், வேகம் குறையாமல்.

இன்னொரு துணையான ஈமோயனுக்கும் இது பொருந்தும். தீஃபாக வரும் அவளுக்கு அறிவு 17 என்பதால் பாதி வழியில் மேஜாக மாற முடியும். மாறியதும் பழைய திறமைகள் முடங்கிவிடும். புதிய தொழிலின் லெவல் பழையதைத் தாண்டும்போதுதான் திரும்பும். ஐந்தாம் லெவலில் (10,000) மாறினால் ஆறாம் லெவல் மேஜாக 40,000 தேவை. இடைப்பட்ட காலத்தில் பொறியை அகற்றவும் ஆளில்லை, உருப்படியான மந்திரமும் இல்லை. ஆறு பேர் குழுவில் அவள் அந்த 40,000 சேர்க்க மொத்தம் 2,40,000 புள்ளி ஈட்ட வேண்டும். நால்வர் என்றால் 1,60,000. கஷ்டகாலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இவ்வளவு லாபம் என்றால் தனியாகவே போகலாமே? போகலாம், பலர் போய் முடித்தும் இருக்கிறார்கள். ஆனால் அது வேறு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஒருவர் சேர்க்கக்கூடிய புள்ளிக்கு 89,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். தனியாள் கதை முடிவதற்கு வெகு முன்பே அதைத் தொட்டுவிடுவார். அதன்பின் ஒவ்வொரு சண்டையும் வளர்ச்சியே இல்லாத உழைப்பு. மேஜுக்கு இன்னும் வலிக்கும்: எட்டாம் லெவல் 90,000-இல் இருக்கிறது, வெறும் ஆயிரம் புள்ளி தள்ளி. கைகளும் போதாது. ஒரு சுற்றில் ஒருவர் ஒரு மந்திரம்தான் சொல்ல முடியும், எத்தனையாவது லெவலில் இருந்தாலும்.

கபடியில் மூன்று அல்லது அதற்குக் குறைவான ஆட்களே களத்தில் இருக்கும்போது ரெய்டரை மடக்கினால் கூடுதலாக ஒரு புள்ளி தருவார்கள். 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2' (2017) ஆட்டம், ஆள் குறைந்தால் சலுகை என்ற இந்த நியாயத்தை வெளிப்படையாகவே ஏற்றது. நால்வர் இடத்தில் இருவருக்கு மேல் போகாதவர்களுக்கு 'லோன் வுல்ஃப்' என்ற திறன் அங்கே உண்டு. ஒரு முறைக்குச் செய்யக்கூடிய செயல்களே கூடும். கைகள் குறைந்த குறையை நேரடியாக ஈடுகட்டும் விதி அது. 'பால்டர்ஸ் கேட் 3' (2023) எதிர்த்திசையில் போனது. புள்ளி பங்கிடப்படுவதில்லை, எல்லோருக்கும் முழுதாகவே வருகிறது. அங்கே ஆளைக் குறைப்பது வெறும் இழப்பு.

முதல் ஆட்டத்துக்குத் திரும்பினால், மூவர் என்ற கணக்குக்குக் குறுக்கே கதை வந்து நிற்கிறது. ஜாஹீராவைச் சேர்த்தால் கணவர் காலிதும் வருவார். ஒருவரை அனுப்பினால் இருவரும் போய்விடுவார்கள். நாயகன், ஈமோயன், இந்தத் தம்பதி. கதை தொடக்கத்தில் தானாகக் கொண்டுவந்து தரும் இந்த நால்வரோடு நிறுத்திக்கொள்வதே சிறந்த ஆட்டம். முன்னே இருவர் கவசத்தோடு, வேவு பார்க்க ஈமோயன். வேவுக்கு நாயகனை அனுப்பக் கூடாது, அவர் செத்தால் ஆட்டமே முடிந்துவிடும். ஃபயர்வைன் இடிபாடுகளின் குறுகிய பாதையில் ஆறு பேர் ஒருவரையொருவர் இடித்துத் தடுமாறிய தொல்லையும் பெருமளவு தீரும். கடைசிச் சண்டையில் முக்கிய எதிரியான சாரவோக்குடன் நிற்பவர்கள் செமாஜ், ஆஞ்சலோ, டஸாக். அங்கும் நால்வர்தான்.