தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரி

மீன் தொட்டி வைத்திருக்கிற வீட்டுக்குப் போகிறவர்கள் நேரே கண்ணாடி முன்னால் குனிந்து மீனைப் பார்ப்பார்கள். எனக்குத் தொட்டி நிற்கிற மேசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆசை. அங்கே ஓர் அலுமாரி இருக்கும், இல்லாவிட்டால் பழைய பிஸ்கட் டின் ஒன்றாவது இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்வேன். மீன் வளர்ப்பவருடைய திறமையும் பக்குவமும் தொட்டிக்குள் பாதிதான் தெரியும். மற்றப் பாதி இன்னும் பாவிக்காத சாமான்களில் இருக்கிறது.

பூனாகலைப் பக்கம் நான் பார்த்த அலுமாரிகளில் மிக அழகானது, தேயிலை ஃபேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணனுடையது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் ஏறத்தாழ 56 லீட்டர் பிடிக்கும். உள்ளே ஒரு கூட்டம் செரி பார்ப், ஜாவாப் பாசி, ஆற்றுக்கல். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. கீழே அலுமாரித் தட்டில் இரண்டாவது ஏர் பம்ப், அதற்குப் போடுகிற ரப்பர் டயப்ரம், சுருட்டிய டியூப், தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கிற சின்ன வால்வுகள், ஹீட்டரைக் கண்ணாடியில் ஒட்டி நிறுத்துகிற ரப்பர் குமிழ்கள், உறை பிரிக்காத ஹீட்டர் ஒன்று. எல்லாவற்றிலும் வாங்கிய மாதத்தை எழுதிக் கடதாசி ஒட்டியிருந்தார். "ரோலர் பெல்ட் அறுந்த பொறகு பெல்ட் தேடி டவுனுக்குப் போனா, வாட்டுன கொழுந்து பூராவும் கெட்டுப் போயிரும் தம்பி. மீனும் அதே மாதிரிதான்" என்றார்.

சென்னை கொளத்தூரில் இருப்பவருக்கு இந்த அலுமாரி அவ்வளவு முக்கியமாகத் தெரியாது. அங்கே தெருத் தெருவாக மீன் கடைகள். பம்ப் நின்றால் நடந்துபோய் வேறொன்று வாங்கி வரலாம். இங்கே பண்டாரவளைக்குப் பஸ் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதைக்குக் குறுக்கே மரம் விழுந்தால் பஸ்ஸும் கரண்டும் ஒன்றாகவே போய்விடும். பம்ப் தேவைப்படுகிற நாளும் பம்ப் வாங்கப் போகமுடியாத நாளும் மலையில் ஒரே நாள்தான்.

மலை இன்னொரு விதத்திலும் கணக்கை மாற்றுகிறது. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரம். இந்தப் பக்கத்துத் தோட்டங்களும் அதையொட்டிய உயரங்களில்தான் இருக்கின்றன. கொழும்போடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் இங்கே ஏழில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையக்கூடிய ஒட்சிசனும் அதே அளவில் குறைந்துவிடும். கொழும்பில் 20 பாகைத் தண்ணீரில் லீட்டருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும் என்றால் இங்கே 7.8தான் கரையும். வெப்பமண்டல மீனுக்காக அதே தண்ணீரை 26 பாகைக்குச் சூடாக்கினால் 7க்கு இறங்கிவிடும். அதாவது ஹீட்டர் போட்டவுடனே ஏர் பம்பின் பொறுப்பு கூடுகிறது. கடற்கரை ஊர்க்காரர் எழுதிய கையேட்டைப் பார்த்து, இத்தனை லீட்டருக்கு இத்தனை மீன் என்று வாங்கி வந்தால் இங்கே மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து நிற்கும். மலைநாட்டில் மீனைக் குறைத்து வளர்ப்பதே ரசனை என்பேன்.

ஹீட்டர் விஷயத்தில் அந்த அண்ணனின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. லீட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவான கணக்கு. குளிரான அறைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அவருடைய தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர் ஒன்றே போதும். அவரோ 50 வாட்டில் இரண்டை வைத்து, தொட்டியின் இரு முனைகளிலும் பொருத்தியிருக்கிறார். ஹீட்டர் இரண்டு விதமாகப் பழுதாகும். சில நேரம் சூடாக்காமல் நின்றுவிடும். சில நேரம் உள்ளே இருக்கிற தொடுபுள்ளி ஒட்டிக்கொண்டு, நிற்காமல் சூடாக்கிக்கொண்டே போகும். இரண்டாவதுதான் மீனை வேகவைப்பது. பெரிய ஹீட்டர் ஒன்று மாட்டிக்கொண்டால் காலையில் தொட்டியில் உயிர் இருக்காது. சின்னது ஒன்று மாட்டிக்கொண்டால் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். ஒன்று நின்றுபோனாலும் மற்றது விடியும்வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். உதிரியை அலுமாரியில் மட்டும் வைக்காமல் வேலையிலும் அமர்த்திவிட்ட யோசனை இது. தண்ணீர் மாற்றுவதற்குக் கால்மணி நேரம் முன்பே இரண்டின் சுவிட்சையும் நிறுத்திவிடுவார். சூடான கண்ணாடி வெளியே தெரிந்து, அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். வயர்கள் சுவிட்சுக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி ஏறுகிற மாதிரி விட்டிருக்கிறார். வயரில் வழிகிற தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது தொட்டிகள் பல காலியாயின. வெளியே வைக்கிற மூடிய டப்பா ஃபில்டர், விலை கூடியது, பார்வைக்கும் கம்பீரமானது. ஆனால் கரண்ட் நின்றால் அதற்குள் அடைபட்ட தண்ணீரில் ஒட்சிசன் சில மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். உள்ளே இருக்கிற நல்ல பக்டீரியா செத்து அழுகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர்தான் முதலில் தொட்டிக்குள் பாயும். பஞ்சு ஃபில்டருக்கு அந்த ஆபத்து குறைவு. அது தொட்டித் தண்ணீரிலேயே திறந்து நிற்கிறது. டோர்ச் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று இருந்தால் போதும். இப்போது பவர் பேங்கில் ஓடுகிற பம்புகளும் வந்துவிட்டன. அதுவும் இல்லாத நேரத்தில் கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி, உயரத் தூக்கி, திரும்ப ஊற்றலாம். அன்றைக்கு மீனுக்குத் தீனி போடக்கூடாது. இரை செரிக்க மீனுக்கு ஒட்சிசன் வேண்டும். மிஞ்சுகிற தீனி அழுகவும் ஒட்சிசனைத்தான் தின்னும்.

பஞ்சு ஃபில்டரைக் கடையில் பார்க்கும்போது அற்பமாகத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதில் கோத்த கருப்புப் பஞ்சு. ஏர் பம்ப் ஊதுகிற குமிழ் தண்டு வழியாக மேலே ஏறும்போது தண்ணீரும் கூட ஏறும். அந்த இடத்தை நிரப்பப் பஞ்சு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அவ்வளவுதான் அதன் இயக்கம். பெருமை எல்லாம் பஞ்சின் துளைகளில் குடியேறுகிற பக்டீரியாவுக்கு. மீனின் கழிவு அமோனியாவாகும். ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு; கடைசியானதைத் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபக்டர் என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1998இல் டிமொதி ஹொவனெக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே உழைப்பது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். எந்தப் பெயராக இருந்தாலும், பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு வெள்ளை வெளேரென்று கழுவுகிறவர் அத்தனை உயிரையும் வடிகாலில் விடுகிறார். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே தண்ணீர்தான் உண்மையான செல்வம். லயத்துப் பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரில் குளோரின் கிடையாது. டவுனில் குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள் தயோசல்பேட் படிகத்தை ஒரு போத்தலில் வைத்திருக்க வேண்டும். பீலிக்காரர்களுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் வேறொரு கவனம் தேவை. தேயிலைத் தளிரில் கொப்புளம் போடுகிற பூஞ்சண நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. அதற்குத் தோட்டங்களில் தெளிப்பது செம்பு கலந்த மருந்து. செம்பு கொஞ்சம் கலந்தாலும் நத்தையும் இறாலும் முதலில் சாகும். மீனின் செவுள் புண்ணாகும். நம்முடைய தண்ணீர் போன்ற மென்னீரில் அந்த நஞ்சு இன்னும் உக்கிரம். எனவே தண்ணீரையும் உதிரிச் சாமானாகக் கருத வேண்டும். மூடி போட்ட பீப்பாய் ஒன்றில், மருந்து அடிக்காத நாட்களில் பிடித்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மேட்டில் மருந்து அடித்து, பின்னாலேயே மழையும் பெய்தால் அந்த வாரம் பீலிப் பக்கம் வாளியைக் கொண்டுபோகாமல் இருக்கலாம்.

மென்னீரின் இன்னொரு குணம், அதில் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கிற சக்தி குறைவு. நாள் போகப் போகத் தொட்டி புளித்துக்கொண்டே வரும்; அளவு மீறினால் பக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அதற்கு மருந்து தோட்டத்திலேயே இருக்கிறது. கவாத்து வெட்டிய மலைகளில் மண்ணின் புளிப்பை மாற்றப் போடுகிறார்களே டொலமைட், அதே பாறையின் சின்னக் கற்கள் ஒரு பிடி, வலைப் பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டால் மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரை நிலைப்படுத்தும். தூளைக் கொட்டக்கூடாது, கல்தான் நல்லது.

அந்த அண்ணன் செரி பார்ப்பைத் தேர்ந்ததில் நல்ல ரசனை இருக்கிறது. இது நம் நாட்டு மீன். களனி முதல் நில்வளை வரையிலான ஆற்றுப் படுகைகளில், நிழல் கவிந்த ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வாழ்வது. 1929இல் பி. இ. பி. தெரணியகல இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 2023இல் இந்த ஒரு மீனுக்கென்றே ரொஹானெல்லா என்று தனிப் பேரினம் வகுத்தார்கள். நன்னீர் மீன் ஆய்வாளர் ரொஹான் பெத்தியகொடவைக் கௌரவிக்கும் பெயர். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராத மீன். மென்னீரும் மங்கலான வெளிச்சமும் அதற்குப் பிடிக்கும். மட்டக்களப்புப் பக்கமிருந்து யாராவது வந்தால் காய்ந்த கொட்டங்காய் இலை கேட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டைத் தொட்டியில் போட்டால் தண்ணீர் லேசாகப் பழுப்பேறும். ஆண் மீனின் சிவப்பு அந்த நிறத்தில்தான் முழுதாகத் திறக்கும். எனக்கு உலகத்தின் எந்தப் பவளப்பாறை மீனும் அதற்கு ஈடில்லை.

எல்லா மீனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. செரி பார்ப் உலகமெங்கும் தொட்டிகளில் பெருகிக்கொண்டிருக்கிறது. பந்துல பார்ப்போ 1991இல் விவரிக்கப்பட்டபோது கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடவில் ஒரு சின்ன ஓடையில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. ஓர் இனம் முழுவதும் ஒரே ஓடையில், உதிரியே இல்லாமல். உதிரி என்ற சொல்லுக்கு அதைவிடப் பெரிய அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதிரி ஓடைகளைக் கெடுக்காமல் இருப்பதற்காகவும் ஒவ்வொரு வீட்டிலும் வெறுமையாக ஒரு சின்னத் தொட்டி இருக்க வேண்டும் என்கிறேன். நோய்ப்பட்ட மீனுக்கும் புதிதாக வந்த மீனுக்கும் அது வேண்டும். வேண்டாத மீனுக்கும் வேண்டும். டேங்க் கிளீனர் என்று வாங்குகிற கவச மீன் முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் ஓடையில் விட்டுவிடுகிறார்கள். நம் ஓடை எதுவும் இங்கேயே நின்றுவிடுவதில்லை. புனாகல ஓயா தியலுமவில் 220 மீட்டர் விழுந்து, கிரிந்தி ஓயாவோடு தெற்குக் கடல் வரை போகிறது. அந்த மீன் இந்த நாட்டு ஆறுகளில் ஏற்கெனவே செய்திருக்கிற கேடு போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சவர்க்காரமே படாத வாளி ஒன்று, மீனுக்கென்று மட்டும். வலை இரண்டு, ஒன்று நோய்த் தொட்டிக்கு. கல் உப்பு, மெதிலீன் ப்ளூ, வெப்பமானி இரண்டு. ஃபார்மசியில் வாங்கிய புது சேலைன் செட், புதிய மீனைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீருக்குப் பழக்க. கசிவை அடைக்கிற சிலிக்கோனில் பூஞ்சண மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். தீனி மட்டும் உதிரியாகச் சேர்க்கக்கூடாத பொருள். திறந்த டின் நாளாக நாளாகச் சத்து இழக்கும், சின்ன டின்னே நல்லது. வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தை யாராவது பரிசாகக் கொடுத்தால் அதில் பூ வையுங்கள், மீன் வேண்டாம்.

அந்த அலுமாரியில் இல்லாத ஓர் உதிரி தொட்டிக்குள்ளேயே, பின் மூலையில் இருக்கிறது. தேவையே இல்லாமல் ஓடுகிற இரண்டாவது பஞ்சு ஃபில்டர். பக்கத்து லயத்துப் பையன்கள் யாராவது புதிதாகத் தொட்டி வைத்தால் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார். வெறும் தொட்டியில் பக்டீரியா தானாக ஊன்ற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். குளிரில் இன்னும் தாமதமாகும். இந்தத் துண்டோடு தொடங்கினால் சில மீன்களைச் சீக்கிரமே விடலாம். தொட்டித் தண்ணீரில் நனைத்து, பையில் பாதிக்கு மேல் காற்று விட்டுக் கட்டி, காயாமல் அன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும்.