முகப்பும் வாசற்படியும்

அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சந்திக்கிற முனையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தே பேசுகிறார்கள். கோபுரம், வளைவு, செங்கல், இந்தோ-சாரசனிக் பாணி என்று பட்டியல் நீள்கிறது. அது ஒரு கடை என்பது மட்டும் நழுவிப்போகிறது. 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காகக் கட்டப்பட்டது. அன்றைய பெயர் கார்டைல் கட்டடம். கீழே விற்பனைக்கூடம், மேலே குடியிருப்பு. மருந்து விற்க எதற்கய்யா அரண்மனைக் கோபுரம்? பாரம்பரியம் குறித்த நமது சொல்லாடல் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

கோயிலும் கோட்டையும் அதிகாரத்தை நேராக அறிவிப்பவை. கடை அப்படியல்ல. 'உள்ளே வா' என்று கூப்பிடுவதுதான் அதன் தொழில். ஆனால் யார் படியேறலாம், யார் நடைபாதையோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதையும் வாசலே சொல்லிவிடும். சுல்தான்களின் வளைவைச் சூட்டிக்கொண்டு ஐரோப்பிய மருந்து விற்றபோது, காலனிய வணிகம் இந்த மண்ணின் பழைய அரசுகளுக்கு வாரிசாக வேடம் கட்டியது. ஆகவே முகப்பு வெறும் அலங்காரமல்ல, ஒரு வாதம்.

அப்படியானால் 'வெள்ளைக்காரன் கடைதானே, இடிச்சா இடிச்சிட்டுப் போகட்டும்' என்கிறார்களே நண்பர்கள் சிலர்? அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2006இல் இடிப்பு தொடங்கியது காலனியத்தை எதிர்த்தல்ல. கட்டடம் 1934இல் பாரத் இன்சூரன்ஸ் கைக்கு வந்தது; ஆயுள் காப்பீடு 1956இல் நாட்டுடைமையானபின் எல்.ஐ.சி.க்குப் போனது. அதே நிறுவனம் 1959இல் அதே சாலையில் திறந்த உயர்ந்த கட்டடத்தைக் காட்டாமல் கிராமத்தான் பட்டணம் வந்திறங்கும் காட்சியை நம் சினிமாவால் எடுக்கவே முடியவில்லை. ஒரே உரிமையாளர், ஒரே சாலை: ஒன்று நகரத்தின் அடையாளம், மற்றது சுமை.

இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010இல் இடிக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குத் துணைநின்ற பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. சாலையோர விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்த அமைந்த நீதிபதி பத்மநாபன் குழு, எந்தெந்தக் கட்டடங்களைப் பலகைகள் மறைக்கக் கூடாது என்று தொகுத்த பட்டியல் அது. ஆக, இந்த நகரத்தில் பாரம்பரியம் என்பது மறைக்கப்படக் கூடாத காட்சி. தூரத்தில் நிற்பவனின் கண்ணுக்கானது. உள்ளே நடந்த எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

உள்ளே நடந்தது என்ன? ஸ்மித் போன பிறகு வந்த பல பத்தாண்டுகள் வாடகைக் கடைகளின், சின்ன அலுவலகங்களின் காலம். துரை ஏறிய படியில் குமாஸ்தாவும் எடுபிடிப் பையனும் ஏறினார்கள். முகப்பின் வாதத்தை உடைத்தது இந்தப் புழக்கம்தான். ஆனால் பாதுகாப்புக்காக எழுதப்படும் குறிப்புகள் 1897ஐயும் கட்டட வல்லுநரையும் சொல்லிவிட்டு ஒரே தாவலில் 2006க்கு வந்துவிடுகின்றன. வாடகைக்காரர்கள் கட்டடத்தைக் கெடுத்தவர்களாக மட்டுமே ஒரு வரியில் தலைகாட்டுகிறார்கள். எனக்கு இதுவும் ஒருவகை இடிப்பாகவே படுகிறது.

தீர்ப்பு வந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் சுவரில் மரம் முளைத்து அது பூட்டிக் கிடந்தது. பழுதுபார்ப்பதென்றால் அருங்காட்சியகம் வேண்டாம், விலையுயர்ந்த காப்பிக் கடையும் வேண்டாம். தரைத்தளத்தைச் சிறு சிறு கடைகளாக, கட்டுப்படியாகும் வாடகைக்கு விடட்டும்; அதில் ஒரு மருந்துக்கடையும் இருக்கட்டும்.