மோசடி என்றும் தகராறு என்றும்

அரசின் பணத்தைத் தகுதியின்றிப் பெற்றவனுக்கு ஒரு பெயரும், அரசுக்குச் சேரவேண்டிய பணத்தைச் செலுத்தாது நிறுத்திக்கொண்டவனுக்கு வேறொரு பெயரும் நம் நாட்டில் வழங்கிவருகின்றன. முன்னவன் செய்தது மோசடி. பின்னவன் செய்தது வரித் திட்டமிடல், அல்லது மிஞ்சிப்போனால் வரித் தகராறு. இவ்வேற்றுமை செயலின் தன்மையால் எழுந்ததா, செய்தவனின் தரத்தால் எழுந்ததா என்பதே நாம் ஈண்டு ஆராய முற்படும் வினா.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ரிஷிவந்தியம் வட்டாரத்தை உள்ளடக்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பெயர் நாளேடுகளில் ஓயாது அடிபட்டது. நிலமுடைய உழவர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில், உழவர் அல்லாத பலர் சேர்க்கப்பட்டிருந்தமை அப்பொழுது வெளிப்பட்டது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலும் இதே நிலைதான். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பேர் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டனர் என்றும், இழப்பு ஏறத்தாழ 110 கோடி ரூபாய் என்றும், அதில் 32 கோடி ரூபாய் திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்றும் வேளாண்மைத் துறையின் அன்றைய முதன்மைச் செயலர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பர் மாதத்தில் அறிவித்தார். ஒப்பந்தப் பணியாளர் 80 பேர் நீக்கப்பட்டனர், அலுவலர் 34 பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர், சிலர் கைதாயினர்.

110 கோடியை ஐந்தரை இலட்சத்தால் வகுத்துப் பார்ப்போமாயின் ஆளுக்கு 2,000 ரூபாய் வருகிறது. அதாவது ஒரே ஒரு தவணை.

இச்செயல் தவறன்று என்பது நம் கருத்தன்று. அலுவலர்க்குரிய கடவுச்சொற்கள் தரகர் கைக்குப் போயின. கணினி மையங்களில் பெயர்கள் கூட்டம் கூட்டமாக ஏற்றப்பட்டன. பொதுப்பணம் களவுபோயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் களவாடியவர் யார், களவுக்குக் கருவியாக்கப்பட்டவர் யார் என்று பிரித்தறிவதற்கு எவரும் பொறுமை காட்டவில்லை. ஊரடங்கினால் வேலையிழந்திருந்த மக்கள் பலரிடம், இது கொரோனா நிவாரணம் என்று சொல்லியே ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வாங்கப்பட்டன. பணம் வந்தது, அதில் ஒரு பங்கைத் தரகர் எடுத்துக்கொண்டார். பின்னர் மீட்பு நடவடிக்கை தொடங்கியபோது கணக்குகள் முடக்கப்பட்டன. இருந்த தொகை அப்படியே திரும்ப எடுக்கப்பட்டது. "உன் தரப்பில் சொல்வதற்கு ஏதேனும் உண்டா?" என்னும் கேள்விக்கு அங்கே இடமிருந்ததாகத் தெரியவில்லை.

திட்டத்தின் அமைப்பையும் சற்றே நோக்குதல் வேண்டும். நிலம் தம் பெயரில் இல்லாத குத்தகை உழவருக்கும் கூலியாளருக்கும் அதில் தொடக்கம் முதலே இடமில்லை. பிறர் கரும்புத் தோட்டத்தில் நாள் முழுதும் வெட்டுகிறவள் உழவர் அல்லள். பட்டணத்தில் இருந்துகொண்டு பட்டா வைத்திருப்பவர் உழவர்! மேலும், 2021 ஜனவரியில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த விவரப்படி, நாடெங்கும் தகுதியின்றி இப்பணத்தைப் பெற்றவர் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்கள் வருமான வரி செலுத்துவோர். ஏழையே ஏமாற்றுகிறான் என்று பழகிப்போன நம் காதுக்கு இச்செய்தி உவப்பாயிராது.

இனி மறுபக்கத்திற்கு வருவோம். 1997இல் மத்திய நிதியமைச்சராயிருந்த ப. சிதம்பரம், வருமானத்தைத் தாமாக வெளியிடும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் மறைத்துவைத்த வருமானத்தை எவரும் வெளியிடலாம். தனியாளாயின் 30 விழுக்காடு வரி செலுத்தினால் போதும். வட்டியில்லை, அபராதமில்லை, வழக்கில்லை. ஏறத்தாழ 4,75,000 பேர் 33,000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டுகளில் உயர்ந்த வருமானத்திற்கு 40 விழுக்காடு வரியை ஒழுங்காகச் செலுத்திவந்தவரை நினைத்துப் பார்க்க வேண்டும். நேர்மைக்கு 40, மறைத்தமைக்கு 30! மத்திய கணக்குத் தணிக்கைத் துறை இத்திட்டத்தைக் கடுமையாகக் குறை கூறியது. எனினும் நாட்டில் அது வெற்றி என்றே பேசப்பட்டது. தலைகளின் எண்ணிக்கை இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே ஆளுக்குச் சராசரி ஏழு இலட்சம் ரூபாய், அங்கே இரண்டாயிரம்.

பி.எம். கிசான் கணக்குகள் முடக்கப்பட்ட அதே 2020இல், 'விவாத் சே விஸ்வாஸ்' என்னும் சட்டம் நடைமுறையிலிருந்தது. நேர்முக வரி பற்றி மேல்முறையீட்டில் நின்ற 4,83,000 வழக்குகளைத் தீர்ப்பதற்காக அது இயற்றப்பட்டது. தகராறிலுள்ள வரியை உரிய நாளுக்குள் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. நாளும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. தகராறு யாவும் ஏய்ப்பு என்று நாம் சொல்லவில்லை. வரித்துறையின் தவறான கணிப்பால் அலைக்கழிந்த சிறு வணிகரும் அதில் உண்டு. நாம் கவனிப்பது வேறு. ஆணையர், தீர்ப்பாயம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று படிப்படியாக ஏறிச்செல்ல அவர்களுக்கு வழியிருந்தது. அதற்குமேல் உடன்படிக்கைக்கும் வழி திறந்தது. இத்தகைய மரியாதை தவறென்று எவரும் சொல்லார். அது யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி.

சட்டத்தின் எழுத்துக்குள் நின்றே வரியைத் தவிர்ப்பது குற்றமாகுமா என்று படித்தவர் கேட்பர். 1985இல் மெக்டவல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதனைக் கண்டித்து எழுதினார். 2003இல் மொரிசியஸ் உடன்படிக்கை பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் அக்கண்டிப்பிலிருந்து விலகி நின்றது. ஆகவே விடை நீதிமன்றத்திலும் ஒன்றாயில்லை. சட்டம் எழுதப்படும் இடத்தில் தன் குரலைக் கேட்கச் செய்ய வல்லவனுக்குச் சட்டத்தை மீறவேண்டிய தேவையே குறைவு என்பதை மட்டும் நாம் நினைவிற் கொள்வோம்.

இவ்விடத்தில் போதகர்க்கு ஒரு சொல். ஆகானைப் பற்றிய பிரசங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஒளித்தெடுத்தான், அகப்பட்டான், அழிந்தான். நாபோத்தின் திராட்சத்தோட்டம் அத்துணை எளிதில் பிரசங்கிக்கப்படுவதில்லை. அங்கே முத்திரையிட்ட கடிதம் உண்டு, ஊர்ப் பெரியோர் அவை உண்டு, சாட்சிகள் இருவர் உண்டு. முறைப்படி யாவும் நடந்தேறியது, தோட்டம் கைமாறியது. சகேயுவையோ அவன் குள்ளத்தோடும் அத்திமரத்தோடும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறோம். அவன் பெரியோருக்குரிய ஆயக்காரன். வாங்கியதை நான்கு மடங்காகக் கணக்கிட்டான்.

'வரி செலுத்துவோர் பணம்' என்னும் தொடரும் ஆராயத்தக்கது. 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சரக்கு சேவை வரியைத் தீப்பெட்டியிலும் சலவைச் சோப்பிலும் கூலியாள் செலுத்தியே வருகிறாள். அவளுக்கு அதைத் திட்டமிட ஆடிட்டர் இல்லை. தகராறு செய்ய மேல்முறையீடும் இல்லை.

1997இல் வருமானத்தை வெளியிட்டவர்களின் பெயர்களை இரகசியமாய்க் காப்பதாகச் சட்டமே உறுதியளித்தது. பி.எம். கிசான் பயனாளிகளின் பட்டியலோ, மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்து எவரும் பார்க்கக்கூடியவாறு அரசின் இணையதளத்தில் வைக்கப்பட்டது. பெயர் பெயராக.